டர்பனில் ஒரு 118: இது பங்காளியா, மாமன் வீடா?

2025 ஜனவரி 4, இரவு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் இருக்கும் அக்கா மகன் பொங்கல் லீவுக்கு முன்கூட்டியே வந்துவிட்டான். போன தடவை அவன் கொண்டுவந்த டி.என்.ஏ. டப்பாவில் நான் துப்பிக் கொடுத்திருந்தேன். முடிவு வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து அம்மா ஒருவர் எனக்கு 118 சென்டிமார்கன் பொருந்துகிறார் (இருவருக்கும் பொதுவான டி.என்.ஏ. துண்டுகளை அளக்கும் அலகு அது). "இரண்டாம் அல்லது மூன்றாம் கசின்" என்று போட்டிருக்கிறது.

எங்கள் குடும்பம் காரிமங்கலம் பக்கம். நான்கு தலைமுறையாகப் பெண் கொடுத்ததும் எடுத்ததும் முப்பது கிலோமீட்டருக்குள்தான். கடல் தாண்டி ஒருவர் போனதாகக் கதைகூடக் கிடையாது. இது எப்படி? கம்ப்யூட்டர் தப்பா, எங்கள் கதை தப்பா?

ஜனவரி 5

சொல்ல விட்டுப்போனது. நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டா, சிட்டா, வில்லங்கம், வாரிசுச் சான்று, இதுதான் தினப்படி வேலை. அடுத்தவன் பாட்டன் பேரைத் தேடித் தேடிக் கண் போனதுதான் மிச்சம், சொந்தப் பாட்டனுக்கு அப்பன் பேர் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

ஜனவரி 9

கண்டுபிடித்துவிட்டேன்! அந்த அம்மாவின் குடும்பப் பெயர் மாதன். எங்கள் தாத்தாவின் அப்பா பேரும் மாதன் என்று அப்பா சொன்ன ஞாபகம். அங்கெல்லாம் கப்பலில் போன முதல் ஆளின் பேரே குடும்பப் பெயராக உறைந்துவிடுவது உண்டு. ஆக, பங்காளி. வேலை முடிந்தது.

ஜனவரி 10

முடியவில்லை. மேலே எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், என் அவசரத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும். முதல் தப்பு: தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல்லை எடுத்து வீசினால் அது மாதன், மாதப்பன், மாதையன், மாதேஷ் இவர்களில் ஒருவர் மேல்தான் விழும். மாதேஸ்வரன் மலை அவ்வளவு பக்கம். இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. அந்த அம்மா பதில் போட்டார்: அது அவர் வீட்டுக்காரர் குடும்பத்துப் பேராம்! அவர் ரத்தத்துக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தமே இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

"நீங்களே இ-சேவை, ரெக்கார்டு எடுக்க வேண்டியதுதானே" என்று இதைப் படித்துவிட்டு எழுதிக் கிண்டல் செய்தவருக்கு நீளமாகவே சொல்கிறேன்.

ஆன்லைனில் வில்லங்கம் பெரும்பாலும் 1975 வரைதான் பின்னால் போகும். அதற்கு முந்தையது வேண்டுமானால் சார்பதிவாளர் ஆபீசில் கையால் புரட்ட வேண்டும். பட்டாவில் யூ.டி.ஆர். ஒரு சுவர். எண்பதுகளில் கணக்கைப் புதுப்பித்தபோது பாதி ஊரில் அண்ணன் நிலம் தம்பி பேரில் ஏறியது, செத்தவர் பேர் அப்படியே நின்றது. அதைத் தாண்டினால் செட்டில்மெண்ட் பதிவேடு. அது கிடைத்தால் புதையல்தான். ஆனால் அதிலும் பேர், அப்பன் பேர், சர்வே நம்பர், தீர்வை, அவ்வளவுதான்.

பேரனுக்குத் தாத்தா பேர் வைக்கிற நம் வழக்கம் வேறு. எங்கள் வீட்டில் இரண்டே பேர்தான் மாறி மாறி வரும். "மாதன் மகன் முனியன்" என்று ஒரு வரி, முப்பது வருஷம் கழித்து "முனியன் மகன் மாதன்", அதற்கப்புறம் மறுபடி "மாதன் மகன் முனியன்". எந்த முனியன்? பட்டாக்காரன் சாகவே இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம்.

மாவட்டம் பிரிந்த கதையும் உண்டு. 1965 அக்டோபர் 2 வரை எல்லாம் சேலம் ஜில்லா. அன்று தருமபுரி தனியானது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஒரே குடும்பத்துக் காகிதம் மூன்று ஊரில் கிடக்கும். பிறப்பு இறப்புப் புத்தகத்தை முன்பு கிராம முன்சீப்பும் கர்ணமும் வைத்திருந்தார்கள். 1980 நவம்பரில் அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தபோது எது ஒப்படைக்கப்பட்டது, எது அட்டத்தில் தங்கியது என்பது ஊருக்கு ஊர் வேறு. நான் நகல் மனுவில் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டிப் போட்ட ஓர் ஆபீசில், "செல்லரிச்சிடுச்சு" என்றார்கள். ஐந்து வார்த்தை மனுவுக்கு ஒரு வார்த்தைப் பதில். காட்டச் சொன்னேன். காட்டினார்கள். உண்மையாகவே அரித்திருந்தது. ஓரமெல்லாம் சல்லடை, நடுவில் மட்டும் மைசூர்பாகு மாதிரி கட்டியாக நின்றது. தொட்டால் உதிர்ந்தது.

"அப்படியானால் 1792க்குப் போங்களேன், பாராமகால் ஆவணங்கள் இருக்கே" என்று இன்னொருவர். பாராமகால் என்பது இந்தப் பக்கத்துக்கு அன்றைய பேர். இருக்கின்றன. திப்புவிடமிருந்து வாங்கிய கையோடு கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீட் அளக்க ஆரம்பித்தார், உதவிக்கு வந்த மன்றோ 1799 வரை இந்தப் பக்கம்தான் சுற்றினார். ஊர், ஏரி, கிணறு, குத்தகை எல்லாம் வரும். அந்த ஏரியில் மண் வெட்டியவன் பேர் வராது. எங்கள் ஆட்கள் மண் வெட்டியவர்கள்.

பிப்ரவரி 2

இப்போது 118 என்ற எண்ணுக்கு வருகிறேன். ஒரு மாதமாக இதிலேயே கிடக்கிறேன். கடையில் கலர் பிரிண்ட் கேட்டால் கறுப்பு வெள்ளை கொடுக்கிறேன்.

இரண்டாம் கசின் என்றால், அதாவது கொள்ளுப் பாட்டன் பாட்டி ஒன்றாக இருந்தால், சராசரி 229 சென்டிமார்கன் பொதுவாக இருக்கும். அதற்கும் ஒரு தலைமுறை மேலே ஒன்றாக இருந்தால் மூன்றாம் கசின், சராசரி 73. எனக்கு 118. இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. வெள்ளைக்காரக் குடும்பங்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருவர் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்ற கணக்கில் போட்ட சராசரிகள் இவை. நம் வீட்டில்?

என் அம்மா, என் அப்பாவின் சொந்த அக்கா மகள். தாய்மாமன் கல்யாணம். இந்தப் பக்கத்தில் இது சாதாரணம், யாரும் புருவம் தூக்க மாட்டார்கள். அப்பாவின் அக்கா என் அம்மாவைப் பெற்றவர், அவரை நான் ஆயா (பாட்டி) என்றுதான் கூப்பிடுகிறேன், நியாயமாக அத்தை என்றும் கூப்பிடலாம். அப்பாவின் பெற்றோர் எனக்குத் தாத்தா பாட்டியும் ஆகிறார்கள், அம்மா வழியில் கொள்ளுத் தாத்தா பாட்டியும் ஆகிறார்கள். அவர்களுடைய ரத்தம் எனக்கு இரண்டு வாய்க்காலில் வருகிறது. அந்த வழியில் யார் பொருந்தினாலும் என் எண் ஒன்றரை மடங்கு ஊதும். 73ஐ ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள், 110. நம் 118 அங்கேதான் நிற்கிறது. ஆக மூன்றாம் கசின்தான், உருப்பெருக்கி வைத்த மூன்றாம் கசின்.

சொந்தத்துக்குள் கட்டிய குடும்பம் என்றால் அந்த எண்ணை அப்படியே விழுங்காதீர்கள். மொத்தத்தைவிட மிக நீளமான துண்டு எவ்வளவு என்று பாருங்கள். எனக்கு ஒன்பது துண்டு, நீளமானது 24. பக்கத்துச் சொந்தமாக இருந்தால் துண்டுகள் பெரிதாக இருக்கும்.

"உங்கள் பெற்றோர் உறவினர்களா?" என்று கண்டுபிடிக்கும் கருவி ஒன்று ஜெட்மேட்ச் தளத்தில் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். ஆமாம், நெருங்கிய உறவு என்றது. இதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு, கல்யாணப் பத்திரிகையே சொல்லுமே.

பிப்ரவரி 3

கசின் என்ற சொல்லே நமக்கு ஆகாது. பங்காளியும் மச்சானும் ஒரே பெட்டியில். ஒருவனோடு தீட்டுக் காக்க வேண்டும், இன்னொருவனோடு சம்பந்தம் செய்யலாம். இரண்டும் கசினாம்.

பிப்ரவரி 16

வழி எது என்று தெரிய மூத்தவர்களைச் சோதிப்பதுதான் ஒரே வழி. அப்பா இல்லை. அம்மா இருக்கிறார், ஆயாவும் இருக்கிறார். அம்மா கேள்வி கேட்காமல் துப்பிவிட்டார். ஆயாவிடம்தான் பாடு.

துப்புவதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. ஆயா வாயில் வெற்றிலை இல்லாத அரை மணி நேரத்தை 1954க்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை. வாய் கொப்பளிக்கச் சொல்லி, பையைப் பிடுங்கி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து காவல் காத்தேன். இருபதாவது நிமிஷம் என் போன் அடித்தது. திரும்பி வந்தால் தாடை அசைகிறது. "பாக்கு மட்டும்தான்" என்றார். குழாயில் கோடு வரைக்கும் எச்சில் ரொம்பியது, ஆனால் இளஞ்சிவப்பாக. அனுப்பிவிட்டேன். மாதிரி கெட்டுவிட்டது என்று பதில் வரும் பாருங்கள்.

மார்ச் 25

வந்துவிட்டது. ஆயா மாதிரி செல்லாது.

கூடவே இன்னொரு செய்தி. 23அண்டுமீ என்ற டி.என்.ஏ. சோதனை நிறுவனம் அமெரிக்காவில் திவால் மனு போட்டிருக்கிறது. 2023ல் சுமார் 69 லட்சம் பேர் விவரம் அங்கே களவுபோனதும் ஞாபகம் வந்தது. நான் கொடுத்தது வேறு இடம், ஆனாலும் வயிற்றைக் கலக்கியது. பாஸ்வேர்டை மாற்றலாம், எச்சிலை மாற்ற முடியாது. நான் ஒருவன் துப்பினால் என் அக்கா, பிள்ளைகள், இன்னும் பிறக்காத பேரன் எல்லோரையும் பாதி காட்டிக் கொடுத்த மாதிரிதான். யாரிடமும் நான் கேட்கவில்லை. அக்காவிடம் இன்று சொன்னேன். "இப்போ வந்து சொல்றியா" என்றாள்.

ஆயாவை மறுபடி துப்பச் சொல்வதா? இரண்டு நாள் யோசித்தேன். ஆயாவிடமே கேட்டேன். "என் எச்சியை வெச்சு எவன் என்ன பண்ணப் போறான், எடுத்துக்கோ" என்றார். இந்த முறை விடியற்காலை ஐந்து மணிக்கு, தூங்கி எழுந்த கையோடு வாங்கிவிட்டேன்.

ஏப்ரல் 12

அம்மாவின் முடிவு. டர்பனுக்கும் அம்மாவுக்கும் 64.

கவனியுங்கள். எனக்கு 118, அம்மாவுக்கு 64. அம்மாவிடம் இல்லாததை அம்மா எனக்குக் கொடுக்க முடியாது. அம்மாவிடமிருந்து 64 முழுவதும் எனக்கு வந்ததாகவே வைத்துக்கொண்டாலும், மிச்சம் 54 அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பொதுவான சொந்தம் ஆயா வீடு. அப்பா ஆயாவின் தம்பி, அம்மா ஆயாவின் மகள். ஆக டர்பன் அம்மா ஆயாவைப் பெற்றவர்கள் வழியில் வருகிறார். செத்துப்போன அப்பாவைச் சோதிக்காமலே அவர் பங்கைப் பிடித்துவிட்டேன். அன்று இரவு டீ நானே போட்டுக் குடித்தேன்.

ஏப்ரல் 13

இன்னொன்று! அம்மா வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா வகை எனக்கும் டர்பன் அம்மாவுக்கும் ஒன்று, எம்2. பெண் வழி என்பது உறுதி.

ஏப்ரல் 14, சித்திரை ஒன்று

உறுதி இல்லை. எம்2 பல பத்தாயிரம் வருஷம் பழைய கிளை, தென்னிந்தியாவில் எங்கும் இருக்கிறது. என் கடைக்கு எதிரில் பஸ்சுக்கு நிற்கிறவர்களைச் சோதித்தாலும் இரண்டு பேர் தேறுவார்கள். "பெண் வழியாக இருக்கலாம், அதற்குத் தடை இல்லை" என்று திருத்தி வாசிக்கவும். புது வருஷம் அதுவுமாகப் பல்பு.

இடையில் அதியமான் வாரிசு என்று நிரூபிக்க முடியுமா என்று கேட்டவருக்கு: முடியாது. ஒப்பிட அதியமான் துப்பிய குழாய் நம்மிடம் இல்லை. தகடூரில் அவர் வம்சம் தழைத்திருந்தால் இத்தனை நூற்றாண்டில் மாவட்டத்தில் பாதிப் பேர் வாரிசுதான், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் உட்பட. அவரோடு உங்களுக்கு வரப்புத் தகராறு என்று எழுதியிருந்தீர்கள்.

மே 4

டர்பனிலிருந்து காகிதம் வந்தது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி), பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு, ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டுக் கப்பல் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். பேர், அப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் அடையாளம். நம் ஊர் ஏழைக்கு இவ்வளவு விவரமான காகிதம் உள்ளூரில் எங்கும் கிடையாது. பிடித்துக்கொண்டு போகத்தான் இவ்வளவு அக்கறை.

அந்த அம்மாவுடைய ஆயாவின் அம்மா (அவர்கள் வீட்டிலும் ஆயா என்றுதான் கூப்பிடுவார்களாம்!) 1904ல் மெட்ராசில் கப்பல் ஏறியவர். வயது 20. கூட யாருமில்லை. பேர் "பாப்பி". ஜில்லா சேலம். ஊர் இங்கிலீஷ் எழுத்தில் "மரந்தலி". இடது முன்கையில் பச்சை. நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது ஏற்ற வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. தனியாகப் போகிற பெண்ணுக்கு ஏஜெண்டிடம் கிராக்கி இருந்திருக்கும்.

சாதிக் கட்டத்தில் இருப்பதை இங்கே போடப் போவதில்லை. போட்டால் பேச்சு அதிலேயே நின்றுவிடும்.

மரந்தலி எங்கே? பார்த்தவுடன் எனக்குப் புரிந்தது. அள்ளியில் முடியும் ஊர் நம் பக்கத்துக்காரனுக்குத்தான் காதில் விழும். மெட்ராசில் கப்பலுக்கு ஆள் சேர்த்து வைத்த டிப்போவின் குமாஸ்தா காதுக்கு அது "அலி". மாரண்டஅள்ளி.

ஆயாவிடம் கேட்டேன். கப்பலில் யாராவது போனார்களா? "தாது வருஷத்துல" என்று ஆரம்பித்து, பஞ்சம், புளியங்கொட்டை தின்றது என்று எங்கேயோ போய்விட்டார். தாது வருஷப் பஞ்சம் 1876ல். கப்பல் 1904ல். பொருந்தவில்லை. வேறு ஆளா?

மே 6

தாது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்பதை மறந்த முட்டாள் நான்தான். 1936லும் தாது. ஆயா பிறந்த வருஷம் அது. தன் பிறப்பைச் சொல்ல ஆரம்பித்து, தன் பாட்டி சொன்ன பஞ்சத்தை அதிலேயே கலந்துவிட்டிருக்கிறார். நான் கேட்ட கேள்விக்கு ஆயா பதிலே சொல்லவில்லை. இப்போது யோசித்தால், வேண்டுமென்றே சொல்லவில்லையோ?

மே 25

மொய் நோட்டு!

அட்டத்தில் அரிசி டப்பாவுக்குள் துணி சுற்றிக் கிடந்தது. ஆயா கல்யாணம், ஜய வருஷம் ஆனி மாதம், அதாவது 1954. நீளவாக்கில் மடித்துத் தைத்த நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மஞ்சள் கறை. ஊர் ஊராகத் தலைப்புப் போட்டு எழுதியிருக்கிறார்கள். பேர், அப்பன் பேர், என்ன முறை, எவ்வளவு. பெரும்பாலும் அரை ரூபாய், ஒரு ரூபாய். சிலர் பேருக்கு எதிரே "கேழ்வரகு 2 படி". செட்டில்மெண்ட் பதிவேட்டில் நிலம் உள்ளவன்தான் இருப்பான். இதில் நிலம் இல்லாதவனும் இருக்கிறான், ஏனென்றால் அவனுக்கும் திருப்பிச் செய்ய வேண்டுமே.

நான் ஒவ்வொன்றாக வாசிக்க, ஆயா ஆளைச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினோராம் பக்கம்: "மாரண்டஅள்ளி, பெரிய மாமன் வகை, ரூ. 2".

ஆயா பேசவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "அது எங்கம்மாவோட அம்மா பொறந்த வீடு. அதுல மூத்தவ ஒருத்தி. மேஸ்திரி ஒருத்தன் வந்தானாம், மைசூர் பக்கம் வேலைன்னானாம். போனவ போனவதான். அவ பேச்சை எடுத்தா எங்கம்மா அடிக்கும்."

பேர்? "குட்டின்னுதான் சொல்லுவாங்க."

பட்டியலில் பாப்பி. வீட்டில் குட்டி. பச்சை குத்தியிருந்ததைச் சொன்னேன். ஆயா தன் கையைத் திருப்பிக் காட்டினார். "அந்தக் காலத்துல எவளுக்குத்தான் இல்ல?"

ஜூன் 1

"அப்படியானால் அந்த அம்மா உங்களுக்கு என்ன முறை?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், தலை சுற்றுகிறது. அக்கா தங்கை பிள்ளைகள் அக்கா தங்கைகள்தானே. அப்படியே இறங்கி வந்தால், டர்பன் அம்மாவைப் பெற்றவர் ஆயாவுக்கு அக்கா முறை. ஆக டர்பன் அம்மாவும் என் அம்மாவும் சகோதரிகள், எனக்குச் சின்னம்மா. ஆனால் அப்பா வழியில் வந்தால் டர்பன் அம்மாவைப் பெற்ற அதே அம்மா அப்பாவுக்கும் அக்கா, ஆக டர்பன் அம்மா எனக்கு அத்தை மகள்! கிண்டல் செய்யும் முறை! (அந்தக் கணக்கில் என் அம்மாவே எனக்கு அத்தை மகள்தான், அதை விடுங்கள்.)

அவருக்கு 63 வயது, எனக்கு 46. சின்னம்மா என்றே முடிவு செய்தாயிற்று. வாட்சப்பில் "சின்னம்மா" என்று போட்டேன். பொருள் கேட்டார். சொன்னேன். நீளமாக ஒரு அழுகை முகம் வந்தது.

ஜூலை 13

ஆயா முடிவு வந்தது: டர்பனோடு 131. கணக்குக்கு இடிக்கவில்லை.

ஆனாலும் பாப்பியும் குட்டியும் ஒருத்திதானா என்று உறுத்துகிறது. அதனால் இன்று மாரண்டஅள்ளி போனேன். மார்க்கெட் தாண்டி விசாரித்து விசாரித்து, "பெரிய மாமன் வகை"யில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். ஆயாவுடைய பாட்டியின் தம்பி பேரன். அவருக்கும் அந்தக் கதை அரைகுறையாகத் தெரிகிறது, "ஆத்துல போயிட்டாங்கன்னு சொல்லுவாங்க" என்றார். ஓடிப்போனதைச் சொல்ல விருப்பமில்லாத வீட்டில் ஆறுதான் வசதி.

எதற்கு, எங்கே போகும், யார் பார்ப்பார்கள் எல்லாம் முதலிலேயே சொல்லி, அவர் மகனிடமும் கேட்டுக்கொண்டுதான் குழாயை எடுத்தேன். டீ குடித்துவிட்டுத் துப்புகிறேன் என்றார். டீ வந்தது. பிறகு அரை மணி நேரம் திண்ணையில் தக்காளி விலை பேசினோம்.

ஆகஸ்ட் 31

பெரியவருக்கும் டர்பன் சின்னம்மாவுக்கும் 109. பெரியவருக்கும் ஆயாவுக்கும் 241. அந்த வீட்டுப் பெண்தான். பாப்பி என்பது அவளே சொன்னதோ, குமாஸ்தா வைத்ததோ.

ஆயாவிடம் போய்ச் சொன்னேன். தை மாதம் டர்பனிலிருந்து வருகிறார்கள், மாரண்டஅள்ளிக்கும் போகிறோம் என்று. தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரெண்டு ரூபா நாம திருப்பிச் செஞ்சோமா, நோட்டைப் பாரு" என்றார்.

நோட்டில் நாம் வாங்கியதுதான் இருக்கும், செய்தது இருக்காது. பெரியவர் மகனுக்குப் போன் போட்டு, அவர்கள் வீட்டுப் பழைய நோட்டுகளைப் பார்க்கச் சொன்னேன். 1961ல் ஒன்று, 1970ல் ஒன்று. இரண்டிலும் எங்கள் ஊர்த் தலைப்பு இருக்கிறது. எங்கள் பேர் இல்லை.